மண்ணால் படைக்கப்பட்டவர்களுக்கு எதற்கு வம்சப் பெருமை?



கொல்லிமலையின் வளப்பூர் நாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் எங்கள் மதரஸாவில் ஓதியவர். அவருடைய தந்தையார் அடிவாரத்தில் மிளகு மண்டியொன்றில் வேலை பார்த்த காலத்தில் இஸ்லாத்தை ஏற்றார். மகன் குர்ஆனை முழுமையாக மனனம் செய்து, இன்று ஒரு பள்ளிவாசலில் இமாமாகப் பணியாற்றுகிறார். அவருக்குப் பெண் கேட்டு ஆசிரியர்களாகிய நாங்கள் இருவர் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தோம். தேநீர் தந்தார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. இறுதியில் பெண்ணின் தந்தை சொன்ன பதில் இது: "பையன் தங்கமான பையன்தான் ஹஜ்ரத். ஆனா அவங்க மலைக்காரங்க. நாங்க அரபு வம்சம். எங்க அண்ணன் மகன் வெளிநாட்டுல டி.என்.ஏ. பரிசோதனையே பண்ணிப் பார்த்துட்டான், அதுலயே வந்திருக்கு."

பாட்டனார் சொன்ன கதையாக இருந்த வம்சப் பெருமை இப்போது ஆய்வுக்கூடத்தின் சான்றிதழோடு வருகிறது. முன்பு இத்தகைய பேச்சுக்கு மார்க்கத்தைக் கொண்டு பதில் சொன்னால் போதும். இன்று அறிவியலின் பெயரைச் சொல்லி அநீதி நடப்பதால், அந்த அறிவியல் உண்மையில் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. ஆகவே, பழங்கால மனித எலும்புகளிலிருந்து எடுக்கப்படும் மரபணு நமது வம்சங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

மரபணுவைப் பழைய எலும்பிலிருந்து பிரித்தெடுத்துப் படிக்கும் கலை அண்மைக் காலத்தது. அதற்கு வழிவகுத்த ஸ்வாந்தே பாபோ என்னும் அறிஞருக்கு 2022-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் எலும்பிலுள்ள மரபணு விரைவில் சிதைந்துவிடுகிறது. அரியானாவின் ராக்கிகரியில் சிந்துவெளி நாகரிகத்தின் புதைகாட்டிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒரே ஒரு பெண்ணின் எலும்பு மட்டுமே படிக்கத்தக்க மரபணுவைத் தந்தது. அந்த ஆய்வு 2019 செப்டம்பரில் வெளியானது. அதே வேளையில், 523 பழங்கால மனிதர்களின் மரபணுவை ஒப்பிட்ட பெரிய ஆய்வொன்றும் வெளியானது. நமது தமிழகத்திலும் கீழடியை அடுத்த கொந்தகையின் தாழிகளில் கிடைத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து வருகின்றனர்.

இவ்வாய்வுகளும் இன்று வாழ்வோரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளும் சேர்ந்து சொல்வதைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். ஆப்பிரிக்காவிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட மக்களில் ஒரு பகுதியினர் இந்தத் துணைக்கண்டத்தை அடைந்தனர். அவர்களே இம்மண்ணின் தொல்குடிகள். பின்னர், ஈரானியப் பகுதியின் பழங்கால மக்களோடு தொடர்புடைய ஒரு கிளையினர் அவர்களோடு கலந்தனர். ராக்கிகரிப் பெண் இவ்விரண்டின் கலவை. அவரிடத்தில் புல்வெளி மேய்ப்பர்களின் கூறு இல்லை. மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வந்த மேய்ப்பர்களின் கூறு சிந்துவெளி நகரங்கள் நலிந்த பிறகே இங்கே சேர்ந்தது. இன்றைய இந்தியர்களில் ஏறத்தாழ அனைவரும், அளவில் வேறுபட்டாலும், கலந்து பிறந்தவர்களே. "கலப்பில்லாத இரத்தம்" என்று ஒருவர் சொல்லிக் கொண்டால், அவருடைய உடலின் ஒவ்வோர் உயிரணுவும் அதை மறுக்கும்.

இனி, அந்த வீட்டில் கேட்ட சொல்லுக்கு வருவோம். நாம் அரபு வம்சமா?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற துறைகளுக்கு அரபு மரக்கலங்கள் வந்ததையும், வந்தவர்களில் சிலர் இங்கேயே மணம் முடித்துத் தங்கியதையும் எவரும் மறுப்பதில்லை. ஆயினும் இந்திய முஸ்லிம்களின் மரபணுவை ஆராய்ந்து 2009, 2010 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் ஒரு தெளிவான முடிவைத் தந்தன. இந்நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் தத்தம் பகுதியில் வாழும் முஸ்லிமல்லாத அண்டை வீட்டாரையே மரபணுவில் ஒத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து சேர்ந்த பங்கு சிறிதளவே. அதிலும் அரபுத் தீபகற்பத்திலிருந்து நேராக வந்ததைவிட ஈரான், மத்திய ஆசியா வழியாக வந்ததே மிகுதி. இஸ்லாம் இந்நாட்டில் பரவியது பெரிதும் உள்ளங்களின் வழியாகவே என்பதே இதன் பொருள். இது நமக்கு இழுக்கா? நமது மூதாதையர் வாளுக்கோ வம்சத்துக்கோ கட்டுப்பட்டு வந்தவர்களல்லர். சத்தியத்தைக் கேட்டு, சிந்தித்து, ஏற்றவர்கள். அவர்களை மறைத்துவிட்டு, கடலுக்கு அப்பால் ஒரு பாட்டனாரைத் தேடிச் செல்வது அவர்களுக்கு நாம் செய்யும் நன்றிகேடு.

"எங்களிடம் கொடிவழிப் பட்டியல் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். இருக்கட்டும், அது பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் காட்டுவது எதனை? தந்தை, தந்தையின் தந்தை என்று செல்லும் ஒரே ஒரு கயிற்றை. ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். பத்துத் தலைமுறைக்கு மேலே 1,024 இடங்கள். இருபது தலைமுறைக்கு மேலே பத்து இலட்சத்துக்கும் அதிகமான இடங்கள். அத்தனை பேரில் ஒருவர் பஸ்ராவிலிருந்து வந்திருக்கலாம். மற்றவர்கள் யார்? ஏர் உழுதவர்களும், வலை வீசியவர்களும், தறி நெய்தவர்களும், மலையில் தினை விதைத்தவர்களுமாக இருந்த தமிழ்ப் பெண்களும் ஆண்களும்தான். அந்த ஒருவரை மட்டும் மேடையில் ஏற்றிவிட்டு மற்றவர்களை வாசலில் நிறுத்துவது எவ்வகை நியாயம்?

இந்தப் பிழையை நாம் மட்டும் செய்யவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க அறிஞர் ஸ்பென்சர் வெல்சும் மதுரைப் பகுதியில் நடத்திய ஆய்வில், உசிலம்பட்டியை அடுத்த சிற்றூர் ஒன்றின் இளைஞரிடம் எம்130 என்னும் பழமையான தந்தைவழி அடையாளத்தைக் கண்டனர். ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக ஆஸ்திரேலியா வரை சென்ற மக்களின் சுவடு அது. உடனே அவரை "முதல் இந்தியர்" என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்த அடையாளமும் ஒரே ஒரு கயிறுதான். அதே இளைஞரின் தாய்வழியும், தாயின் தந்தைவழியும் வேறு கதைகளைச் சொல்லக்கூடும். அரும்பெரும் கண்டுபிடிப்பொன்றை விருதாகவும் பட்டமாகவும் சுருக்கிவிட்டோம். இப்போது நம் வீட்டுத் திண்ணையிலும் அதையே செய்கிறோம்.

நமது சமுதாயத்தில் இன்னொரு சாரார் இருக்கின்றனர். "ஹவ்வா (அலை) அவர்களை அறிவியல் கண்டுபிடித்துவிட்டது" என்ற செய்தியை வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்கள் அவர்கள். தாய்வழி மரபணுவில் இன்றைய மனிதர் அனைவரும் ஒரு பெண்ணிடம் சென்று சேர்கின்றனர் என்பது உண்மை. ஆனால் அப்பெண் தம் காலத்தின் ஒரே பெண்ணல்லர். தாய், மகள், அவள் மகள் என்ற தொடர் அறுபடாமல் வந்தது அவரிடமிருந்து மட்டுமே என்பதுதான் ஆய்வு சொல்வது. ஆதம் (அலை) அவர்களின் படைப்பு மறைவான செய்தி; இறைவசனத்தைக் கொண்டு அதை நாம் நம்புகிறோம். அதற்கு ஆய்வுக்கூடத்தின் முத்திரை தேவையில்லை. நாளை ஆய்வு மாறினால் நம்முடைய ஈமானையும் மாற்றிக்கொள்வோமா? அவ்வாறே, எலும்பாராய்ச்சி என்றாலே ஈமானுக்கு ஆபத்து என்று அஞ்சி ஓடுவதும் வேண்டாத வேலை. பூமியில் பயணம் செய்து படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பார்க்கும்படி அல்அன்கபூத் அத்தியாயம் நம்மை அழைக்கிறது. பார்ப்பவருக்குத் தேவைப்படுவது நேர்மை மட்டுமே.

மற்றொரு பக்கத்திலிருந்தும் இதே ஆயுதம் நம்மை நோக்கி வருகிறது. "நீங்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்" என்று ஒரு நாள் சொல்கிறார்கள். "மரபணுவில் நீங்களும் நாங்களும் ஒன்றே, ஆகவே பழைய மதத்துக்குத் திரும்புங்கள்" என்று மறுநாள் சொல்கிறார்கள். முதலாவது பொய். இரண்டாவதில் பாதி உண்மையிலிருந்து ஒரு தவறான முடிவு எடுக்கப்படுகிறது. எலும்பு எந்தக் கலிமாவையும் மொழிவதில்லை. ராக்கிகரிப் பெண் எந்தக் கடவுளை வணங்கினார் என்பதை அவருடைய மரபணு சொல்லாது. கொள்கை சிந்தனையால் வருவது. அது பரம்பரைச் சொத்தாக இறங்குவதில்லை. ஒரு குடிமகனின் உரிமையும் அவருடைய பாட்டன் எந்த ஆண்டில் இம்மண்ணில் கால் வைத்தார் என்பதைப் பொறுத்ததன்று. இதை மேடைகளில் நாம் உரக்கச் சொல்கிறோம். ஆனால் வளப்பூர் நாட்டுப் பிள்ளைக்குப் பெண் கேட்டுச் சென்றபோது, அதே தராசைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது யார்? பிறர் நம்மை வந்தேறி என்றால் நமக்கு வலிக்கிறது. நாமோ நம் சகோதரரை மலைக்காரர் என்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் அந்த இளைஞருடன் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து மலையேறினோம். ஆகாய கங்கை அருவி இருக்கும் பக்கத்தில், சாமையும் மிளகும் விளையும் சரிவில் அவருடைய பாட்டனார் வசிக்கிறார். முன்னோரின் வழிபாட்டிலேயே இருப்பவர். பேரனைக் கண்டதும் கட்டியணைத்துக்கொண்டார். எங்களுக்குப் பலாச்சுளையை எடுத்துவந்து வைத்தார். இம்மக்கள் தங்களை மலையாளிகள் என்கின்றனர். கேரளத்தாரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது, மலையை ஆள்பவர் என்பதே பொருள். அண்ணன் தம்பியர் மூவர் காஞ்சியிலிருந்து வந்து, சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளுக்குப் பிரிந்து சென்றனர் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. பெரியவர் அதைச் சொல்லி முடித்தபோது, அப்படியானால் அதற்கு முன் இந்த மலையில் யார் இருந்தார்கள் என்று கேட்டோம். அவர் சிரித்தார். "எல்லாரும் ஏறி வந்தவங்கதான் பாய். யாரு முன்னாடி ஏறுனாங்கன்னுதான் சண்டை."

ஆயிரக்கணக்கான மாதிரிகளை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் கண்டடைந்ததையே அப்பெரியவர் ஒரு வரியில் சொன்னார். தமிழகத்தின் 12 பழங்குடிகளையும் 19 பிற சமூகங்களையும் சேர்ந்த 1,680 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வு, இம்மக்களின் தந்தைவழிகள் சாதி அமைப்பு தோன்றுவதற்கு முன்பே, வேளாண்மை பரவிய காலத்தை ஒட்டியே பிரிந்தன என்று கூறுகிறது. இந்திய அளவில் 73 குழுக்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வோ, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்து மணந்தனர் என்றும், அதன் பின்னரே தத்தம் குழுவுக்குள் கதவடைத்துக்கொண்டனர் என்றும் காட்டியது. திறந்திருந்த கதவை மூடியவர்கள் மனிதர்கள். இறைவனின் பெயரால் அந்தத் தாழ்ப்பாளை நாம் ஏன் காவல் காக்க வேண்டும்?

கதவை மூடியதற்கு உடலும் விலை கொடுக்கிறது. 2017-இல் வெளியான ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களில் 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகி, உள்ளுக்குள்ளேயே மணந்து வந்தவை என்று தெரியவந்தது. இவ்வாறு மூடிய குழுக்களில், ஒதுங்கிக் கிடந்த மரபணுக் குறை தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. குறிப்பிட்ட ஒரு வணிகச் சமூகத்தில், மயக்கம் கொடுக்கும்போது தரப்படும் ஒரு வகைத் தசைத்தளர்த்தி மருந்தை உடல் முறித்துக்கொள்ள முடியாத குறை பரவலாக இருப்பதை மருத்துவர்கள் அறிவார்கள். வம்சத்தைத் தூய்மையாக வைப்பதாக எண்ணிக்கொண்டு, வம்சத்தின் நோய்களைப் பத்திரமாகச் சேமித்து வைக்கிறோம்.

இனி மார்க்கத்தின் நிலைப்பாட்டுக்கு வருவோம். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-ஆம் வசனம் குலம், கோத்திரம் ஆகியவற்றுக்கு ஒரே ஒரு பயனையே கூறுகிறது: அறிமுகம். சிறப்புக்கு அது வைக்கும் அளவுகோல் இறையச்சம் மட்டுமே. இறுதி ஹஜ்ஜின் உரையில் அரபிக்கும் அரபியல்லாதவருக்கும், நிறத்துக்கும் நிறத்துக்கும் இடையிலிருந்த ஏற்றத்தாழ்வை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அழித்தார்கள். வம்சாவளியை அறிந்துகொள்ளும்படியும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உறவினரைச் சேர்ந்து வாழ்வதற்காக. உறவைச் சேர்ப்பதற்கான அறிவை, உறவை மறுப்பதற்கு நாம் பயன்படுத்துகிறோம்.

நூஹ் (அலை) அவர்களின் மகனை அவனுடைய வம்சம் வெள்ளத்திலிருந்து காக்கவில்லை. அபூலஹபுக்கு, நபிகளாரின் தந்தையுடன் பிறந்தவன் என்ற உறவு உதவவில்லை. தான் எதனால் படைக்கப்பட்டோம் என்பதைக் காட்டிப் பெருமையடித்த முதல்வன் யார் என்பதையும் நாம் அறிவோம். "நான் நெருப்பு, இவர் மண்" என்ற பொருளில் வாதாடியவன் இப்லீஸ். "நாங்கள் அரபு, இவர் மலை" என்பது அதே வாதத்தின் தமிழாக்கம்.

"ஃபிக்ஹு நூல்களில் திருமணப் பொருத்தம் பற்றிய பாடம் இருக்கிறதே, ஹஜ்ரத்?" என்று கேட்பார்கள். இருக்கிறது, நாங்களே அதைப் பாடம் நடத்துகிறோம். குலத்தையும், இஸ்லாத்தில் எத்தனை தலைமுறை என்பதையும் இமாம்கள் சிலர் அதில் கணக்கிட்டனர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ மார்க்கப் பற்றையே முதன்மையாக வைத்தார்கள். கணக்கிட்டவர்களும் அதைப் பெண்ணுக்கும் அவளுடைய பொறுப்பாளருக்கும் உள்ள உரிமையாகவே பேசினர். பெண் தனக்குத் தாழ்வான இடத்தில் தள்ளப்படாமல் காப்பதே அதன் நோக்கம். இருவரும் மனமொப்பினால் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கலாம். ஆகவே அது பிறரைத் தாழ்த்துவதற்கான அனுமதிச் சீட்டு அன்று. மேலும் ஹனஃபி நூல்களே, அரபியல்லாதார் தமது வம்சத் தொடர்களை இழந்துவிட்டவர்கள் என்பதால் அவர்களிடையே குலப் பொருத்தம் பார்க்கப்படாது என்கின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஃபகீஹ்கள் எழுதியதை இப்போது மரபணு உறுதிப்படுத்துகிறது. தலைமுறைக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல்: இந்த உம்மத்தின் மிகச் சிறந்த தலைமுறை நபித்தோழர்களின் தலைமுறை. அவர்களில் மிகப் பெரும்பாலோரின் தந்தையர் முஸ்லிம்களாகப் பிறந்தவர்கள் அல்லர்.

குறைஷிப் பெண்ணான ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய மாப்பிள்ளை உஸாமா (ரலி). விடுதலை பெற்ற அடிமையின் மகன். தாயார் அபிசீனியப் பெண். முதலில் ஃபாத்திமாவின் மனம் ஒப்பவில்லை. பின்னர் நபிகளாரின் சொல்லை ஏற்று மணந்தார். அதில் பெரும் நன்மையைக் கண்டதாக அவரே அறிவித்திருக்கிறார். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இச்செய்தியைச் சொற்பொழிவுகளில் கேட்டு மெய்சிலிர்க்கும் நாம், உஸாமா நம் வாசலுக்கு வரும்போது கதவைச் சாத்துகிறோம்.

பெண்ணின் தந்தையிடம் எங்களுக்கு ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. உங்கள் மகளிடம் கேட்டீர்களா? அந்த உரிமையில் முதற்பங்கு அவளுடையது. எங்களுக்குத் தெரிந்தவரை அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்கு வேறிடத்தில் நிக்காஹ் முடிந்துவிட்டது. அல்லாஹ் அவளுக்கு பரக்கத் செய்வானாக. இளைஞருக்கு இன்னும் பெண் அமையவில்லை. வெள்ளிதோறும் அவர் மிம்பரில் நிற்கிறார். அந்தத் தந்தையைப் போன்ற எத்தனையோ பேர் அவருக்குப் பின்னால் கை கட்டித் தொழுகிறார்கள். தொழுகையில் தலைமை தாங்கத் தகுதி உண்டு, மருமகனாகத் தகுதி இல்லையென்றால், நாம் அவருக்குப் பின்னால் நின்று யாரைத் தொழுகிறோம்?

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கு எங்களது கோரிக்கை எளிது. புதிதாக இஸ்லாத்தை ஏற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் பொறுப்பை மஹல்லாவே ஏற்க வேண்டும். நிக்காஹ் உரைகளில் குலப்பெருமையைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும். வெளிநாட்டுக்கு எச்சிலை அனுப்பி வம்சம் தேடும் இளைஞர்களிடம், அந்தத் தாளில் எந்த விழுக்காடு வந்தாலும் மஹ்ஷரில் அது கேட்கப்படாது என்று பெற்றோர் எடுத்துச் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம்விட முதன்மையானது, அடுத்த முறை மலையிலிருந்து ஒரு சம்பந்தம் வரும்போது நம் சொந்த வீட்டில் நாம் சொல்லப்போகும் பதில். இதை எழுதும் எங்களுக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பதிலைக் கொண்டே எங்களையும் நீங்கள் அளக்கலாம்.

வல்ல ரஹ்மான் நமது உள்ளங்களிலிருந்து அறியாமைக் காலத்தின் பெருமையை அகற்றி, ஒரே தாய் தந்தையின் மக்களாக நம்மை ஒருவருக்கொருவர் அறிந்து வாழச் செய்வானாக! ஆமீன்.